மக்காச்சோளக் கொல்லைக்கு எந்த ரைஃபிள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த பேச்சைக் குறைத்து, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. அனுப்பினவர் பேரைச் சொல்லப் போறதில்லை. அவர் சொன்னதை மட்டும் அப்படியே தர்றேன்.

"அக்கா, வணக்கம். எனக்கு ஊர் கடலூர் மாவட்டம், வேப்பூர் பக்கம். சிதம்பரத்துல படிச்சேன், இப்போ சென்னையில வேலை. ஊர்ல நாலு ஏக்கர் மானாவாரி, மக்காச்சோளம் போட்டிருக்கோம். கதிர் பால் பிடிக்கிற நேரத்துல பன்னி இறங்குது. ஒரே ராத்திரியில அரை ஏக்கரைப் படுக்க வெச்சிட்டுப் போயிடுது. அப்பா ராத்திரி முழுக்க கொல்லையில டின் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. பக்கத்துல சில பேரு கம்பியில கரண்ட் விடுறாங்க. அப்பாவும் இப்போ அதையே பேச ஆரம்பிச்சிட்டாரு. அதுக்கு ஒரு ரைஃபிள் எவ்வளவோ மேல் இல்லையா? யூடியூப்ல விலை கம்மியான போல்ட் ஆக்‌ஷன் ஹன்டிங் ரைஃபிள் பத்தி நிறைய வீடியோ பார்த்தேன். நம்ம ஊர்ல எது வாங்கலாம்னு சொல்லுங்கக்கா."

இதை மூணு தடவை கேட்டேன். "அதெல்லாம் இங்க முடியாதுப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்குள்ள ஒரு பயம் இருக்கு. அப்பா கரண்ட் கம்பியில கை வெச்சிடுவாரோங்கிற பயம். அதனால தம்பி, உங்க கேள்வியை முழுசா எடுத்துக்கிறேன். முதல்ல ரைஃபிள். அப்புறம் லைசென்ஸ். அப்புறம் பன்னி. கடைசியா அந்தக் கம்பி.

போல்ட் ஆக்‌ஷன்னா என்ன?

போல்ட்னா தாழ்ப்பாள். அவ்வளவுதான். வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை எப்படித் திறப்போம்? பிடியை மேல தூக்கி, பின்னாடி இழுப்போம். மூடுறப்போ முன்னாடி தள்ளி, கீழ மடக்குவோம். இந்த ரைஃபிள்லயும் அதே நாலு அசைவு. பின்னாடி இழுக்கிறப்போ சுட்டு முடிச்ச தோட்டாவின் காலிக் கூடு வெளிய விழும். முன்னாடி தள்ளுறப்போ மேகசின்ல இருந்து அடுத்த தோட்டா குழலுக்குள்ள போகும். பிடியை மடக்கினதும் கதவு பூட்டிக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால இதைச் செஞ்சாகணும்.

மெதுவான வேலைதான். ஆனா நன்மை மூணு. அசையுற பாகம் கம்மி, அதனால பழுதும் கம்மி. தோட்டா வெடிக்கிற நேரத்துல கதவு கெட்டியா பூட்டியிருக்கும், அதனால குறி நிலையா இருக்கும். செய்யறதும் சுலபம், அதனால விலையும் குறைவு. ஜெர்மனியின் மவுசர் 1898-ல கொண்டு வந்த அமைப்பைத்தான் இன்னைக்கு வரைக்கும் பல கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சம் மாத்திச் செய்யுறாங்க. ஜிம் கார்பெட் கையில இருந்த பேர்போன .275 ரிக்பி ரைஃபிளும் மவுசர் வகை போல்ட் ஆக்‌ஷன்தான்.

தம்பி பார்த்த வீடியோவுல வர்ற ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் எல்லாம் அமெரிக்காவுல முதல் ரைஃபிள் வாங்குறவங்களுக்கான பட்ஜெட் மாடல்கள். நம்ம ஊர்ல முதல் பைக் வாங்குறவன் 100 சிசி வண்டி பார்க்கிற மாதிரி. பின்பக்க பட் பிளாஸ்டிக்ல இருக்கும், பாலிஷ் கம்மியா இருக்கும், ஆனா குறி சரியா விழும். அங்க சொல்ற அறிவுரையும் நியாயமானதுதான்: அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீங்க, ஊர்ல சுலபமா தோட்டா கிடைக்கிற அளவா பாருங்க, தோள்ல வெச்சா உடம்புக்குப் பொருந்துதான்னு பாருங்க, மிச்சக் காசைப் பயிற்சிக்கு வையுங்க.

ஒரே ஒரு சிக்கல். அந்த மூணுமே உங்களுக்குக் கிடைக்காது. தனிநபர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யறதுக்கு இந்தியாவுல கடுமையான தடை இருக்கு. பேர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்கு மட்டும்தான் விலக்கு.

நம்ம ஊர் அலமாரியில என்ன இருக்கு?

சரி, உள்ளூர்ல என்ன கிடைக்கும்? சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைச்சா வாங்கக்கூடிய போல்ட் ஆக்‌ஷன்ல முதல்ல வர்ற பேர், அரசுத் தொழிற்சாலை செய்யற .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்.

இதோட கதை சுவாரசியமானது. பழைய போலீஸ்காரங்க தோள்ல தொங்கும் 'த்ரீ நாட் த்ரீ' ஞாபகம் இருக்கா? அது லீ என்ஃபீல்ட். குழலோட அளவு .303 அங்குலம். அது ராணுவத் தோட்டா. ராணுவத் தோட்டா திருடு போனாலும் வெளியாள் துப்பாக்கியில அது பொருந்தக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே முடிவு பண்ணிட்டாங்க. அதனால சிவிலியனுக்குன்னு வேற அளவுல ரைஃபிள் வந்துச்சு. அதுல ஒண்ணுதான் .315, அதாவது 8 மில்லிமீட்டர். உள்ளே இருக்கிற இயந்திரம் லீ என்ஃபீல்டோட வாரிசு, தோட்டா மட்டும் வேற. சுதந்திரத்துக்கு அப்புறமும் அதே வழக்கம் தொடருது. சட்டமும் துப்பாக்கியை 'தடை செய்யப்பட்ட போர்', 'தடை செய்யப்படாத போர்'னு ரெண்டா பிரிக்குது. .303 முதல் வகை, .315 ரெண்டாவது வகை.

மேற்கு வங்கத்துல இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலைதான் இதைச் செய்யுது. 2021 அக்டோபர்ல பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளை ஏழு அரசு கம்பெனிகளா பிரிச்சப்போ, இது கான்பூரைத் தலைமையிடமா வெச்ச அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா கம்பெனிக்குக் கீழ வந்துச்சு. நம்ம திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே கம்பெனிதான்.

இதே அரசுத் தொழிற்சாலை வரிசையில 30-06 ரைஃபிளும் உண்டு. '30' குழல் அளவு, '06' அந்தத் தோட்டா வந்த 1906-ஆம் வருஷம். ரொம்ப சக்தியான தோட்டா. அதுக்கு நேரெதிரா சின்னதா .22. அது பெரும்பாலும் குறி பழகுறதுக்கு.

லைசென்ஸ் உள்ளவர் இதுல எப்படித் தேர்ந்தெடுப்பார்? முதல் கேள்வி விலை இல்லை, தோட்டா. உங்க பக்கத்து டீலர்கிட்ட எந்தத் தோட்டா வழக்கமா இருக்கோ, அந்த ரைஃபிள்தான் உங்களுக்கு மலிவு. செகண்ட் ஹேண்ட் .315 பார்த்தா, குழலுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பார்க்கணும், உள்ளே துருக் குழி இருந்தா வேண்டாம். போல்ட்ல இருக்கிற நம்பரும் உடம்புல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பார்க்கணும். மரக்கட்டையில வெடிப்பு இருக்கக் கூடாது. விக்கிறவர், வாங்குறவர் ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கணும், துப்பாக்கி நம்பர் உங்க லைசென்ஸ்ல ஏறணும். சந்துல யாரோ கொடுத்தாங்கன்னு வாங்கினா அது மலிவு இல்லை, ஜெயில். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் அஞ்சு வருஷம்.

ரைஃபிள் பாடம் இங்க முடிஞ்சது. இனிமேதான் உண்மையான கேள்வி.

பயிருக்குத் துப்பாக்கின்னா சட்டம் என்ன சொல்லுது?

1959 ஆயுதச் சட்டத்தோட 13-ஆவது பிரிவைப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். பயிர்ப் பாதுகாப்புங்கிற வார்த்தையே அதுல இருக்கு. ஆனா எந்தத் துப்பாக்கிக்கு? வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு. குழல் முனை வழியா கரிமருந்தும் ரவையும் போட்டு, குச்சியால இடிச்சு நிரப்புறது. அது போதாதுன்னு அதிகாரி திருப்தியானா, உள்வரி இல்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கி கொடுக்கலாம்னு சொல்லுது.

இங்க ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். ரைஃபிள்னு பேர் வந்ததே குழலுக்குள்ள திருகு மாதிரி வெட்டியிருக்கிற வரிகளால. அந்த வரி குண்டைச் சுழல வைக்கும். சுழல்ற பம்பரம் சாயாம நிக்கிற மாதிரி, சுழல்ற குண்டு நேரா ரொம்ப தூரம் போகும். பேங்க் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் வெச்சிருக்கிற டபுள் பேரல் 12 போர் துப்பாக்கியில அந்த வரி இல்லை. அது ரவையைத் தூவும். 12 போர்ங்கிற பேருக்கும் கணக்கு உண்டு: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா பிரிச்சா, ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் குழல் அளவு.

ஆக, விவசாயிக்குன்னு சட்டம் யோசிச்சது கிட்டத்துல வேலை செய்யற துப்பாக்கியை. ரைஃபிள் கேட்டா, அது "வேறு எந்த நேர்விலும்" வகை. எதுக்கு வேணும்னு நல்ல காரணம் காட்டி அதிகாரியை ஒப்புக்கொள்ள வைக்கணும். .22 ரைஃபிளுக்குத் தனியா ஒரு வழி இருக்கு. அது அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சி செய்யறதுக்கு.

நடைமுறை இதுதான். மாவட்டத்துல லைசென்ஸ் கொடுக்கிறவர் கலெக்டர். வயசு 21 ஆகியிருக்கணும். விண்ணப்பம் படிவம் ஏ-1. போலீஸ் விசாரணை அறிக்கை வரும். 2016 ஆயுத விதிகள்படி பாதுகாப்பா கையாளப் பயிற்சி எடுத்த சான்று வேணும், உடல்நலச் சான்று வேணும், வீட்டுல பத்திரமா பூட்டி வைப்பேன்னு உறுதி கொடுக்கணும். கிடைச்சா அஞ்சு வருஷம் செல்லும். ஒருத்தர் பேர்ல ரெண்டு துப்பாக்கிக்கு மேல இருக்கக் கூடாது. தேர்தல் அறிவிச்சா போலீஸ் ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ கொண்டு போய் ஒப்படைக்கணும். தோட்டாவும் லைசென்ஸ்ல எழுதின எண்ணிக்கைக்குள்ளதான்.

குண்டு போற தூரம்

சட்டம் ஏன் கிட்டத்துத் துப்பாக்கியைச் சொல்லுது? கடலூர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். சில்வர் பீச் போயிருப்பீங்க. அது இருக்கிற தேவனாம்பட்டினத்துலதான் புனித டேவிட் கோட்டை. 1690-ல வெள்ளைக்காரங்க அந்தக் கோட்டையை மராத்தியர்கிட்ட இருந்து வாங்கினாங்க. அப்போ மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல், இன்னைக்கு அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்தவர். ஒப்பந்தத்துல ஒரு வினோதமான வரி: கோட்டையில இருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகுதோ, அதுவரைக்கும் இருக்கிற நிலமும் சேர்த்து. அவங்க இருந்ததுலயே பெரிய பீரங்கியை எடுத்து நாலு திசையும் சுட்டாங்க. குண்டு போன எல்லைக்குள்ள இருந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்'னே பேர் வந்துச்சு.

சுட்டவனுக்கு அன்னைக்கு நிலம் கிடைச்சது. இன்னைக்கு உங்க கொல்லையில ரைஃபிள் சுட்டா, குண்டு போற தூரம் வரைக்கும் உங்களுக்குக் கிடைக்கிறது பொறுப்பு மட்டும்தான். சின்ன .22 குண்டே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் போகும். 30-06 மாதிரி சக்தியான தோட்டா, குழலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுட்டா மூணு கிலோமீட்டரைத் தாண்டும். 12 போர் ரவை சில நூறு மீட்டர்ல விழுந்துடும்.

ரைஃபிள் பழகுறவங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிற விதி, குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாரு. மலைச்சரிவு, மண்மேடு மாதிரி குண்டை வாங்கிக்கிற தடுப்பு இருக்கணும். கடலூர் மாவட்டத்துல கேப்பர் மலையை விட்டா அப்படிச் சொல்ல பெருசா எதுவும் இல்லை. கொல்லைக்கு அந்தப்பக்கம் இன்னொரு கொல்லை, அதுக்கு அந்தப்பக்கம் ரோடு, அதுக்கப்புறம் ஊர். பன்னி வர்றது ராத்திரியில. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல. உங்க அப்பா மாதிரியே பக்கத்துக் கொல்லைக்காரரும் டின்னோட உட்கார்ந்திருப்பார். கதிர் அசையுது, உள்ளே பன்னியா, மனுஷனா? டார்ச் வெளிச்சத்துல அந்த முடிவை எடுக்கிற இடத்துல உங்க அப்பாவை உட்கார வைக்கணுமா?

எந்த ரைஃபிள் நல்லதுங்கிற வீடியோக்கள் இந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போயிடுது. அங்க அவங்களுக்கு வேட்டைக்குன்னு பரந்த நிலம் இருக்கு, சீசன் இருக்கு, லைசென்ஸ் இருக்கு. ரைஃபிள் தேர்வு அவங்களுக்கு முதல் படி. நமக்கு அது கடைசிப் படி.

லைசென்ஸ் இருந்தா பன்னியைச் சுடலாமா?

முடியாது. துப்பாக்கி வெச்சிருக்கிற உரிமை வேற, மிருகத்தைச் சுடுற உரிமை வேற. ரெண்டும் ரெண்டு சட்டம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் இந்தியாவுல பொழுதுபோக்கு வேட்டை படிப்படியா நின்னு போச்சு. அதுல 'வேட்டை'ங்கிற சொல்லுக்குள்ள சுடுறது மட்டும் இல்லை. கண்ணி வைக்கிறது, விஷம் வைக்கிறது, விரட்டிப் பிடிக்கிறது, முட்டை எடுக்கிறது வரைக்கும் வரும். காட்டுப்பன்னி முன்னாடி மூணாவது அட்டவணையில இருந்துச்சு. 2022 திருத்தத்துக்கு அப்புறம் இப்போ ரெண்டாவது அட்டவணை. அனுமதி இல்லாம கொன்னா மூணு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். செத்த பன்னியும் அரசுச் சொத்து, கறி போட முடியாது.

ஆனா சட்டம் விவசாயியை முழுசா மறந்துடலை. 11-ஆவது பிரிவுல, நிக்கிற பயிருக்கு ஆபத்தா இருக்கிற மிருகத்தை வேட்டையாட தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்துல அனுமதி கொடுக்கலாம். இந்த அனுமதியை யார்கிட்ட கொடுக்கிறதுங்கிறதுலதான் ரெண்டு பக்கத்து மாநிலங்கள் பிரியுது.

கேரளா 2022-ல ஊராட்சித் தலைவருக்கும் நகராட்சித் தலைவருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்துச்சு. அவங்க உத்தரவு போட்டா, லைசென்ஸ் உள்ள உள்ளூர்த் துப்பாக்கிக்காரர் வந்து சுடலாம். விஷம், வெடி, கரண்ட் கூடாது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில வேற வழி எடுத்துச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து தூரத்தை மூணா பிரிச்சாங்க. 1 கிலோமீட்டருக்குள்ள வந்த பன்னியைத் தொடக் கூடாது. 1-ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும்னா பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். 3 கிலோமீட்டரைத் தாண்டினா சுடலாம், ஆனா சுடுறது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர் மட்டும்தான். இதைப் பரிந்துரைக்க ஊர் அளவுல குழு: ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., வனத்துறைக்காரர்.

ஆக, தம்பி, நீங்க கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்கி, லைசென்ஸ் வாங்கி, இஷாப்பூர் .315 வாங்கி, கொல்லையில போய் உட்கார்ந்தாலும், தமிழ்நாட்டுல அந்தப் பன்னியைச் சுட உங்களுக்கு உரிமை இல்லை. கேரளா மாடல் நல்லதா, நம்ம மாடல் நல்லதான்னு விவாதம் இருக்கு. வனத்துறை ஆள் வர்றதுக்குள்ள பயிர் போயிடுதுங்கிறது விவசாயிகளோட நியாயமான குறை. ஆனா இருட்டுல, மேடு இல்லாத நிலத்துல, ஆளுக்கு ஒரு ரைஃபிள்ங்கிறது அந்தக் குறைக்கு மருந்தா எனக்குப் படலை.

அந்தக் கம்பி

"கரண்ட் கம்பிக்கு ரைஃபிள் மேல் இல்லையா"ன்னு கேட்டீங்க. ரெண்டுக்கும் ஒரே குணம்தான். ரெண்டும் எதிர்ல இருக்கிறது யார்னு பார்க்காது. வீட்டு லைன்ல இருந்து கொக்கி போட்டு 230 வோல்ட்டைக் கம்பியில விட்டா, அது நிக்காம ஓடுற கரண்ட். பிடிச்ச கை விடாது. விடியக்காலையில தண்ணி பாய்ச்சப் போறவர், மாடு தேடிப் போற பையன், சில நேரம் கம்பி கட்டினவரே. தமிழ்நாட்டுல வருஷா வருஷம் இந்தச் செய்தி வருது. செத்தது மனுஷன்னா, கம்பி போட்டவர் மேல உயிர்ப்பலி வழக்கு வரும். பன்னிக்குப் போட்டேன்னு சொல்றது தப்பிக்க உதவாது.

சோலார் வேலி வேற. அதுல எனர்ஜைசர்னு ஒரு பெட்டி இருக்கும். அது கண்ணிமைக்கிற நேரத்தை விடக் குறைவா ஒரு துடிப்பு கொடுத்துட்டு நிறுத்தும், திரும்பக் கொடுக்கும். வோல்ட் அதிகம், ஆனா நேரம் ரொம்பக் குறைவு. தொட்டா பலமா சுரீர்னு அடிக்கும், விடுவிச்சுக்கலாம். பன்னிக்கு அதுவே போதும். பன்னி மூக்கால தோண்டிட்டு வர்ற மிருகம்ங்கிறதால கீழ்க் கம்பி தரையை ஒட்டி இருக்கணும், புல் வளர்ந்து கம்பியைத் தொடாம வெட்டிக்கிட்டே இருக்கணும். காப்புக்காட்டுப் பக்கத்துல போடுறதா இருந்தா 2023-ல வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள்படி பதிவு பண்ணணும். நாலு ஏக்கருக்குத் தனியா போடுறதை விட, பக்கத்துக் கொல்லைக்காரங்களோட சேர்ந்து ஒரே சுத்தா போட்டா செலவும் கம்மி, பன்னி அடுத்த கொல்லைக்கு மாறுறதும் நிக்கும். மானியம் இருக்கான்னு வேளாண் பொறியியல் துறையில கேளுங்க.

பழைய புடவை கட்டுறது, டின் தட்டுறது, பட்டாசு எல்லாம் முதல் சில நாள் வேலை செய்யும். அப்புறம் பன்னிக்குப் பழகிடும். அதனால பால் பிடிக்கிற அந்த முக்கியமான நாட்களுக்கு மட்டும் அதை வெச்சுக்கணும், முன்னாடியே காட்டிடக் கூடாது.

இந்த வாரமே செய்யக்கூடியது

ஒண்ணு, உங்க கொல்லைக்கும் காப்புக்காட்டு எல்லைக்கும் எத்தனை கிலோமீட்டர்னு கணக்குப் பாருங்க. எந்த வகையில வர்றீங்கன்னு அதுதான் சொல்லும்.

ரெண்டு, சேதமான பயிரைத் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க. கால்தடம், தோண்டின மண், கடிச்ச தட்டை எல்லாம் வரணும். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி.

மூணு, வி.ஏ.ஓ.கிட்டயும் வனச்சரக அலுவலகத்துலயும் எழுத்துல மனு கொடுத்து, ரசீது வாங்குங்க. வனவிலங்கால பயிர் சேதமானா ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் வரைக்கும் நிவாரணம் இருக்கு. முழு நஷ்டத்துக்கு ஈடாகாது, தெரியும். ஆனா மனு கொடுக்காத சேதம் அரசுக் கணக்குல நடக்காத சேதம். ஊர்ல பத்துப் பேர் மனு கொடுத்தா, குழு பரிந்துரை செய்யறதுக்கு ஆதாரம் கிடைக்கும்.

நாலு, இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போங்க. அந்தக் கம்பி விஷயத்தை போன்ல பேசாதீங்க, நேர்ல பேசுங்க. ரெண்டு ராத்திரி அவருக்குப் பதிலா நீங்க கொல்லையில உட்காருங்க. தூக்கம் கெட்ட மனுஷன் எடுக்கிற முடிவும், தூங்கி எழுந்த மனுஷன் எடுக்கிற முடிவும் ஒண்ணா இருக்காது.

ரைஃபிள் மேல உண்மையிலேயே ஆசைன்னா?

கேட்கிறவங்கள்ல சில பேருக்குப் பன்னியும் இல்லை, கொல்லையும் இல்லை. அந்த இயந்திரம் பிடிச்சிருக்கு, குறி பார்க்கிற அமைதி பிடிச்சிருக்கு. அதுல தப்பில்லை. குழல் அளவு .177, அதாவது 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒரு ஷூட்டிங் கிளப்ல சேர்ந்து அதுல ஆரம்பிக்கலாம். கை நிலைச்சா, கிளப் வழியா .22-க்குச் சட்டமே வழி வெச்சிருக்கு.

ஒரே எச்சரிக்கை. லைசென்ஸ் வேண்டாம்னா எதை வேணா சுடலாம்னு அர்த்தம் இல்லை. சிதம்பரம் பக்கம் வீராணம் ஏரியிலயும் பிச்சாவரத்துலயும் வர்ற நீர்ப்பறவையை ஏர் கன்னால அடிச்சாலும் அது வேட்டைதான், அதே 1972 சட்டம்தான்.

இன்னொரு தகவல். இளவேனில் வாலறிவன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல 2019 உலகக் கோப்பையில தங்கம், டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக். வளர்ந்தது குஜராத்துல. பிறந்தது நம்ம கடலூர். அவங்க சுடுற குறிக்குப் பின்னாடி எப்பவும் ஒரு சுவர் இருக்கும்.

தம்பி, உங்க அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. வேலி விஷயமா பக்கத்துக் கொல்லைக்காரங்க என்ன சொன்னாங்கன்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.